ஐந்து பங்கு ஊரில் யாருக்குப் பங்கு? நாவலப்பிட்டியின் நிலமானிய வரலாறு

நாவலப்பிட்டி பஸ் நிலையத்தில் நின்று பெயர்ப்பலகைகளை வாசித்துப் பாருங்கள். தொலஸ்பாகே என்று போட்டுக்கொண்டு ஒரு பஸ் புறப்படும். நகரம் அமைந்திருக்கும் பிரதேச செயலகப் பிரிவின் பெயர் பஸ்பாகே கோறளை. பிறந்தது முதல் கேட்டுப் பழகிய பெயர்கள் என்பதால் அவற்றை நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. இங்கே ‘பஸ்’ என்பது சிங்களத்தில் ஐந்தைக் குறிக்கும். ‘தொலஸ்’ என்றால் பன்னிரண்டு. ‘பாகே’ என்பது பாகம், அதாவது பங்கு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ஒன்று ஐந்து பங்கு, மற்றது பன்னிரண்டு பங்கு.

பங்கு என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பகுதியின் பழைய வரலாற்றுக்குள் நுழைய வேண்டும். கண்டி இராச்சியத்தின் காணி முறையில் ஒரு குடும்பம் அனுபவித்த நிலத்துக்குப் பெயரே ‘பங்கு’தான். தமிழில் நாம் சொல்லும் அதே சொல். அந்தப் பங்குக்குப் பதிலாக அரசனுக்கோ, பிரபுவுக்கோ, விகாரைக்கோ ஊழியம் செய்ய வேண்டும். ஊழியம் இருந்தால் பங்கு உண்டு. பங்கு வேண்டாமென்றால் ஊழியமும் இல்லை.

இன்று அதே மலைகளில் ஐந்தாறு தலைமுறையாக ஊழியம் செய்யும் ஒரு சமூகம் இருக்கிறது. அதற்குப் பங்கு இல்லை. எப்படி இந்த நிலை வந்தது என்பதை அறிய, தேயிலைக்கு முந்திய, கோப்பிக்கும் முந்திய காலத்துக்குப் போக வேண்டும்.

அம்பகமுவக் கல்வெட்டு

நாவலப்பிட்டியிலிருந்து கினிகத்தேனைப் பக்கம் போனால் அம்பகமுவ வரும். இன்று அது நுவரெலியா மாவட்டத்துக்குள் இருந்தாலும் பஸ்பாகேயின் பக்கத்துப் பிரதேசம்தான். அங்கேயுள்ள பாறைக் கல்வெட்டு, 1055 முதல் 1110 வரை ஆண்ட முதலாம் விஜயபாகுவின் காலத்தைச் சேர்ந்தது. சோழர் ஆட்சியை 1070 அளவில் முடிவுக்குக் கொண்டுவந்து பொலனறுவையிலிருந்து ஆண்ட மன்னன் அவன்.

கல்வெட்டு பேசுவது சிவனொளிபாத மலையைப் பற்றி. மலைக்குப் போகும் யாத்திரிகர்களுக்கு உணவும் பிற வசதிகளும் கிடைப்பதற்காக மன்னன் நிலங்களை ஒதுக்கிய செய்தி அதில் இருக்கிறது. பாத அடையாளம் இருக்கும் மேல்தளத்துக்குக் கீழே இன்னொரு தளம் கட்டப்பட்டதையும் அது சொல்கிறது. தாழ்ந்த சாதியினர் என்று கருதப்பட்டவர்கள் அங்கே நின்று வழிபடலாம் என்பது ஏற்பாடு.

இந்த ஒரு கல்லிலேயே நிலமானிய சமூகத்தின் இரண்டு அடிப்படைகள் தெரிகின்றன. முதலாவது, ஒரு பொதுக் காரியத்தை நடத்த மன்னன் கருவூலத்திலிருந்து காசு அனுப்புவதில்லை. ஒரு கிராமத்தை ஒதுக்குகிறான். அந்தக் கிராமத்தின் விளைச்சலும் உழைப்பும் அந்தக் காரியத்தை நடத்தும். இரண்டாவது, யார் எந்தப் படியில் நிற்கலாம் என்பதும் சேர்த்தே தீர்மானிக்கப்படுகிறது. நிலமும் சாதியும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டன.

கம்பளை அரசு விட்டுச் சென்ற ஏற்பாடு

நாவலப்பிட்டியிலிருந்து மகாவலி ஓடும் திசையிலேயே கீழே இறங்கினால் கம்பளை. 14ஆம் நூற்றாண்டில் நான்காம் புவனேகபாகு அதைத் தலைநகராக்கினான். இன்று கண்டிக்குச் சுற்றுலா வருபவர்கள் ஒரே நாளில் பார்த்துவிட்டுப் போகும் லங்காதிலக விகாரை, கடலாதெனிய விகாரை, எம்பெக்க தேவாலயம் மூன்றும் கம்பளை இராச்சிய காலத்தவை. கடலாதெனியவும் லங்காதிலகவும் 1344ஆம் ஆண்டோடு தொடர்புடையவை. கடலாதெனியவைக் கட்டிய சிற்பி கணேஸ்வராசாரி தென்னிந்தியர். லங்காதிலகவைக் கட்டுவித்தவர் மன்னனின் அமைச்சரான சேனாலங்காதிகாரர்.

லங்காதிலகப் பாறையில் விகாரைக்கான கொடைகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சிங்களத்தில் மட்டுமல்ல, தமிழிலும். கண்டி மலைநாட்டில் தமிழ் எழுத்து ஏறியது தோட்டத் தொழிலாளரோடுதான் என்று நினைப்பவர்கள் அந்தப் பாறையை ஒருமுறை பார்க்க வேண்டும். இந்த நாட்டின் நிலப் பதிவில் தமிழ் ஏறி ஏறக்குறைய ஏழு நூற்றாண்டுகள் ஆகின்றன.

எம்பெக்க தேவாலயம் கதிர்காமக் கடவுளுக்கு உரியது. மரச் செதுக்கு வேலைக்குப் பெயர்போன அதன் மேள மண்டபத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அந்த மேளத்தை யார் அடித்தார்கள், எண்ணெய் யார் கொண்டுவந்தார்கள், துணியை யார் வெளுத்தார்கள் என்பதில்தான் நமக்கு அக்கறை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பங்கு நிலம் இருந்தது. மேளம் அடிப்பவருக்கு மேளப் பங்கு. வெளுப்பவருக்கு வெளுக்கும் பங்கு. சம்பளப் பட்டியல் என்று ஒன்று இல்லை. வயல்தான் சம்பளம்.

ஒரு கிராமம் எப்படி இயங்கியது?

கண்டி இராச்சிய காலத்தில் இந்தப் பகுதி உடபலாத்த என்ற பெரும் பிரிவோடு சேர்ந்தது. கிராமங்கள் யாருக்கு ஊழியம் செய்தன என்பதை வைத்து அவற்றை வகை பிரித்தார்கள். அரசனின் களஞ்சியத்துக்கு உரியவை கபடாகம. பிரபுக்களுக்கும் அதிகாரிகளுக்கும் வழங்கப்பட்டவை நிந்தகம. பௌத்த விகாரைக்கு உரியவை விகாரகம. தெய்வங்களின் கோயிலுக்கு உரியவை தேவாலகம. கொடை வழங்கப்பட்டதற்கு அத்தாட்சி ‘சன்னஸ்’ எனப்பட்ட பட்டயம். பெரும்பாலும் செம்பில் பொறிக்கப்பட்டது. யாருக்கு எந்தப் பங்கு, அதற்கு என்ன ஊழியம் என்ற விவரம் ‘லேகம் மிட்டி’ என்ற ஓலை ஏடுகளில் இருந்தது.

கிராமத்துக்குள் ஒரு பகுதி வயல் பிரபுவுக்கோ விகாரைக்கோ நேரடியாகச் சேரும். அதற்கு ‘முத்தெட்டு’ என்று பெயர். கிராமத்தவர்கள் அதைக் கூலியில்லாமல் உழுது, விதைத்து, அறுத்துக் கொடுக்க வேண்டும். விளைச்சல் முழுவதும் பிரபுவுக்கு. மீதி வயல்கள் பங்குகளாகக் குடிகளிடம் இருந்தன. அந்தக் குடிகளை ‘நிலக்காரயோ’ என்றார்கள். வாரத்துக்குச் செய்யும் முறை ‘அந்தே’. அதில் விளைச்சலில் பாதி போய்விடும்.

பங்கிலும் இரண்டு வகை. ‘பரவேணி’ பங்கு பரம்பரையாக வருவது. தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும். ஊழியம் ஒழுங்காக நடக்கும்வரை அந்தக் குடும்பத்தைக் கிளப்ப முடியாது. ‘மாருவென’ பங்கு பிரபுவின் விருப்பப்படி ஆள் மாற்றக்கூடியது. கண்டி இராச்சியத்தின் நிர்வாகத்தை நேரில் பார்த்துக் குறிப்பெழுதிய ஜோன் டொயிலி போன்ற ஆங்கிலேய அதிகாரிகளின் பதிவுகளிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. ஊழியக் கடமை ஆளின் மேல் விழுந்ததல்ல, காணியின் மேல் விழுந்தது. காணியைக் கைவிட்டால் கடமையும் போய்விடும்.

17ஆம் நூற்றாண்டில் சுமார் 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த றொபேட் நொக்ஸும் இதைக் கவனித்தார். நாடு முழுவதும் அரசனுடையது, அதை அவன் பணத்துக்கல்ல, ஊழியத்துக்கே குடிகளிடம் விடுகிறான் என்ற கருத்தை 1681இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார்.

அரசனுக்கான இந்த ஊழியத்தின் பெயர் இராஜகாரியம். பாதை வெட்டுவது, குளம் கட்டுவது, பல்லக்குச் சுமப்பது, போருக்குப் போவது எல்லாம் இதில் அடங்கும். இன்றும் சிங்களத்தில் உத்தியோகக் கடமையை ‘ராஜகாரிய’ என்று சொல்வதுண்டு. அரசன் போனபிறகும் சொல் தங்கிவிட்டது.

ஜேர்மன் கிராமத்தில் நடந்தது

இது கண்டிக்கு மட்டும் உரிய விசித்திரம் அல்ல. மத்திய கால ஜேர்மனியில் ஒரு சின்னக் கிராமத்தை எடுத்துக்கொண்டாலும் ஏறக்குறைய இதே அமைப்பைக் காணலாம். பிரபுவோ மடாலயமோ நேரடியாக வைத்திருந்த வயல் ஒரு பக்கம். குடியானவக் குடும்பங்களிடம் ‘ஹூஃப’ என்ற அளவிலான நிலப் பங்குகள் மறுபக்கம். பங்கை அனுபவிக்க, குடியானவர் குறித்த நாட்களில் பிரபுவின் வயலில் வேலை செய்ய வேண்டும். அந்தக் கட்டாய வேலைக்கு ‘ஃபுரோன்’ என்று பெயர். முத்தெட்டும் இராஜகாரியமும் அங்கே வேறு பெயரில் இருந்தன.

ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பல இடங்களில் குடியானவர் உடலாலும் பிரபுவுக்குக் கட்டுப்பட்டவர். அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போக முடியாது, திருமணம் செய்ய முடியாது. குடும்பத் தலைவர் இறந்தால் தொழுவத்திலிருக்கும் சிறந்த மாடு பிரபுவுக்குப் போகும்.

1525இல் தென் ஜேர்மனியில் விவசாயிகள் கிளர்ந்தார்கள். மெம்மிங்கன் நகரில் அவர்கள் வகுத்த 12 கோரிக்கைகளில் இந்த அடிமைக்கட்டை நீக்க வேண்டும், கூடுதலாகச் சுமத்திய ஊழியத்தைக் குறைக்க வேண்டும் என்பவை இருந்தன. பிரபுக்கள் தமதாக்கிக்கொண்ட காடுகளையும் பொது மேய்ச்சல் நிலங்களையும் ஊருக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதும் இருந்தது. கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது.

ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1807இல் பிரஷ்யாவில் அடிமைக்கட்டு சட்டப்படி நீக்கப்பட்டது. ஆனால் நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள விரும்பிய குடியானவர்களில் பலர், 1811ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தங்கள் நிலத்தின் மூன்றில் ஒரு பங்கையோ பாதியையோ பிரபுவுக்கு நட்டஈடாக விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஊழியம் ஒழியும்போது நிலம் யாருக்குப் போகிறது என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. இங்கே அதற்கான பதில் இன்னும் கடுமையாக வந்தது.

1832: ஊழியம் போனது

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தத்தோடு இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்குக் கொண்டுபோகப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். அதே 1832இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. பாடப்புத்தகங்களில் இது பெரிய விடுதலையாக இருக்கும். அரசாங்கத்துக்கான கட்டாய ஊழியம் போனது உண்மை. ஆனால் விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் நிந்தகம பிரபுக்களுக்குமான ஊழியம் தொடர்ந்தது.

அந்த ஊழியத்தைப் பணமாக மாற்றிக்கொள்ள வழி வந்தது 1870ஆம் ஆண்டு ஊழியக் காணிச் சட்டத்தோடுதான். அதற்காக ஆணையாளர்கள் கிராமம் கிராமமாகப் போய் ஒவ்வொரு பங்கையும், அதன் ஊழியத்தையும், அதற்கான பண மதிப்பையும் பதிவு செய்தார்கள். நிந்தகம ஊழியங்களை முற்றாக நீக்கும் சட்டம் 1968இல்தான் வந்தது. விகாரகம, தேவாலகம கிராமங்களில் ஊழியம் இன்றும் ஏதோ ஒரு வடிவில் நிற்கிறது. கண்டி எசல பெரஹராவில் நீங்கள் பார்க்கும் மேளக்காரர்களிலும் ஆட்டக்காரர்களிலும் பரம்பரைப் பங்குக்காக வருபவர்கள் இருக்கிறார்கள். சாதியோடு ஒட்டிய இந்தக் கடமையிலிருந்து விலகிப்போகும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விலகுவதில் நியாயம் இருக்கிறது. பழைய முறையை இனிமையான கிராமிய வாழ்வாகச் சித்திரிப்பவர்கள் அந்த மேளத்தைத் தாங்களே தோளில் போட்டுக்கொண்டதில்லை.

1840: காடு போனது

கண்டிக் கிராமத்தவரின் வாழ்க்கை வயலில் மட்டும் தங்கியிருக்கவில்லை. வயலுக்கு மேலே வீட்டுத்தோட்டம், அதற்கு மேலே சேனை, அதற்கு மேலே காடு. சேனையில் குரக்கன், காட்டில் விறகும் தேனும் மாட்டுக்கு மேய்ச்சலும். வயலுக்குப் பங்குக் கணக்கு ஏட்டில் இருந்தது. காட்டுக்கு ஏடு இல்லை. எல்லோரும் பயன்படுத்திய இடத்துக்கு எவரும் பட்டயம் வாங்கி வைக்கவில்லை.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அந்த இடத்தில்தான் கை வைத்தது. காடு, தரிசு, குடியேறாத நிலம், பயிரிடாத நிலம் எல்லாம், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியது என்றது. கண்டிப் பகுதிகளில் சேனைக்கும் இதே கதிதான். நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கிராமத்தவர் தலையில் விழுந்தது. கையில் சன்னஸ் இருந்தவன் பிழைத்தான். 1897இல் வந்த தரிசு நிலச் சட்டம் இந்தப் பிடியை மேலும் இறுக்கியது.

முடிக்குரியதான நிலம் விற்பனைக்கு வந்தது. ஏக்கர் 5 ஷிலிங். 1844இல்தான் அது 20 ஷிலிங் ஆனது. யார் வாங்கினார்கள் என்பதற்கு அம்பகமுவவே சாட்சி. யாத்திரிகர்களுக்காக விஜயபாகு நிலம் ஒதுக்கியதைச் சொல்லும் கல்வெட்டு இருக்கும் அதே அம்பகமுவ. 1840இல் அங்கே 13,000 ஏக்கருக்கும் மேற்பட்ட முடிக்குரிய காணி விற்கப்பட்டது. வாங்கியவர்களின் பட்டியலில் தேசாதிபதி ஸ்டுவர்ட் மெக்கென்சி இருந்தார். அவருக்கு 1,100 ஏக்கருக்கும் மேல். மகாவம்சத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த சிவில் சேவை அதிகாரி ஜோர்ஜ் டேர்னர் இருந்தார். அவருக்கு 2,000 ஏக்கருக்கும் மேல். வீதிகளை அமைத்த தோமஸ் ஸ்கின்னரும், நில அளவைத் தலைவரும் இருந்தார்கள். சட்டம் போட்டவர்களும், அளந்தவர்களும், பாதை வெட்டியவர்களும் வாங்கியவர்களும் ஒரே ஆட்கள்.

கம்பளை சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் 1820களின் நடுப்பகுதியில் தொடங்கிய கோப்பித் தோட்டம் ஆரம்ப முயற்சிகளில் ஒன்று. 1840களில் கோப்பி மலையெல்லாம் ஏறியது. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியை அழித்தபிறகு அதே மலைகளில் தேயிலை வந்தது. 1874இல் ரயில் பாதை நாவலப்பிட்டிவரை நீண்டது. அடுத்த பத்து ஆண்டுகள் அதுதான் பாதையின் முடிவிடம். மேல் மலைத் தோட்டங்களுக்குப் போன சாமான்களும் ஆட்களும் இங்கே இறங்கித்தான் போக வேண்டும். நாவலப்பிட்டி ஒரு நகரமாக எழுந்தது அந்தக் காலத்தில்தான்.

காட்டை இழந்த சிங்களக் கிராமத்தவரின் துயரமும் சிறியதல்ல. நெல் வரி கட்ட முடியாமல் 1880களில் வலப்பனைப் பக்கத்தில் வயல்கள் ஏலத்தில் போயின. சுதந்திரத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு 1951இல் வெளியிட்ட அறிக்கை அந்த இழப்பைப் பற்றியதுதான். தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் இடையில் வளர்ந்த கசப்பின் வேர் இங்கே இருக்கிறது. நிலத்தை எடுத்தவர் வேறு. ஆனால் எடுத்த நிலத்தில் கண்ணெதிரே நின்றவர் தமிழ்த் தொழிலாளி.

புதிய பிரபு, பழைய ஊழியம்

சொந்த வயல் இருந்த கண்டிக் கிராமத்தவர் தோட்டத்தில் நிரந்தரக் கூலியாக விரும்பவில்லை. ஆகவே தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டுப் பாதையில் நடந்து வந்த கதை நம் வீடுகளில் சொல்லப்படுவதுதான். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம்.

தோட்டத்தின் உள்ளமைப்பைக் கண்டிக் கிராமத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முத்தெட்டு வயலின் இடத்தில் தேயிலை மலை. பிரபுவின் வளவு இருந்த இடத்தில் துரை பங்களா. ஊழியத்தைக் கண்காணிக்கக் கங்காணி. தேவாலயக் கிராமங்களிலும் மேற்பார்வை செய்பவருக்குக் ‘கண்காணம’ என்ற பெயர் இருந்ததைக் கவனிக்கலாம். காலையில் பெரட்டு. மாலையில் கொழுந்து நிறுவை. குடியிருக்க பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா.

எல்லாம் இருக்கிறது. ஒன்றைத் தவிர. பங்கு இல்லை.

கண்டி நிலக்காரனுக்குப் பரவேணி இருந்தது. தோட்டத் தொழிலாளிக்குக் கூலியும் கடனும் இருந்தன. கரையில் கங்காணி கொடுத்த முற்பணமே முதல் கடன். அது தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. போவதானால் ‘துண்டு’ வேண்டும். கடன் இவ்வளவு, கட்டினால் ஆளை விடுவிக்கலாம் என்று எழுதிய சீட்டு அது. நிலத்தைக் கைவிட்டால் கண்டிக் குடியானவனின் கடமை போய்விடும். தோட்டத் தொழிலாளியின் கடமை அவரது ஆளோடு ஒட்டியிருந்தது. இந்த இடத்தில் அவர் கண்டிக் குடியானவனைவிட மத்திய கால ஜேர்மன் குடியானவனுக்கே நெருக்கமானவர். துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

தோட்டம் நாட்டின் நிர்வாகத்துக்கும் வெளியே வைக்கப்பட்டது. 1937ஆம் ஆண்டின் கிராமச் சங்கச் சட்டத் திருத்தம் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் கிராமச் சங்க வாக்குரிமையை மறுத்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் நிலமற்ற விவசாயிகளுக்கு முடிக்குரிய காணியைப் பகிர்ந்தளிக்க வந்தபோதும் தோட்டத் தமிழருக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. 1948இல் குடியுரிமையே போனது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. குடியுரிமைப் பிரச்சினையில் எஞ்சியவர்களுக்குத் தீர்வு வந்தது 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான்.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. தேர்தலில் வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம். ஆனால் லயத்துக்குப் போகும் பாதையைத் திருத்த முடியாது, ஏனென்றால் அது தோட்டத்துக்குரியது. அந்தச் சட்டம் திருத்தப்பட்டது 2018இல். அதுவரை பஸ்பாகே கோறளையிலும் மற்ற இடங்களிலும் தோட்டம் என்பது, பிரதேச சபையின் வரைபடத்துக்குள் இருந்துகொண்டே அதன் கைக்கு எட்டாத ஒரு நிந்தகமவாக இருந்தது என்றால் மிகையில்லை.

நிலம் பகிரப்பட்டபோது

பங்கு கிடைக்க ஒரு சந்தர்ப்பம் வந்தது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய நிலத்துக்கு 50 ஏக்கர் என்றும், வயலானால் 25 ஏக்கர் என்றும் எல்லை வைத்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாகின. வெள்ளைக்காரத் துரை போனான். நூற்றாண்டுக்கும் மேல் அந்த நிலத்தில் உழைத்தவர்களுக்கு நிலம் வந்ததா?

கண்டி மாவட்டத்தில் நடந்தது நேர்மாறானது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வெளியாருக்குக் கொடுக்கப்பட்டன. உணவுத் தட்டுப்பாடும் வேலையின்மையும் வன்முறையும் சேர்ந்து பல குடும்பங்களை வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் துரத்தின. 1977 மே மாதம் தலவாக்கலைப் பகுதியின் டெவன் தோட்டத்தில், 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பகிர்ந்தளிப்பதற்கு எதிரான போராட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் இறந்தார். மலையகம் இன்றும் அவரை நினைவுகூர்கிறது. அவர் கேட்டது கூலி உயர்வல்ல, உழைத்த மண்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. குத்தகை 2045வரை. நிலத்தின் சொந்தக்காரர் அரசு, அனுபவிப்பவர் கம்பனி. கபடாகமவும் நிந்தகமவும் ஒன்றாகச் சேர்ந்த ஏற்பாடு என்று சொல்லலாம். நடுவில் குடியிருப்பவருக்கு எந்த ஏட்டிலும் பதிவில்லை.

ஏழு பேர்ச்சஸ்

கடந்த பத்தாண்டில் கொஞ்சம் மாறியிருக்கிறது. தனி வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி என்பது கொள்கையாக ஏற்கப்பட்டது. இந்திய உதவியோடு முதலில் 4,000, பிறகு 10,000 என்று வீடுகள் அறிவிக்கப்பட்டன. லயத்திலிருந்து தனி வீட்டுக்குப் போன ஒரு குடும்பத்திடம் பேசினால் அதன் அருமை புரியும். ஆனால் வீடு கிடைத்தவர்களிலும் பலருக்குச் சட்டபூர்வமான உறுதி கைக்கு வரவில்லை. உறுதி இல்லாத வீடு, மாருவென பங்குதான்.

அளவையும் ஒருமுறை கணக்குப் பார்ப்போம். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். கண்டிக் காணி ஏடுகள் வயலை விதைப்பு அளவால் சொல்லும். நான்கு பேலை ஓர் அமுணம். ஓர் அமுணம் சுமார் இரண்டு ஏக்கர். அப்படியானால் ஒரு பேலை விதைப்பு வயல் சுமார் 80 பேர்ச்சஸ். நிலமானியக் காலத்தில், சாதிப் படியின் அடியில் நின்று விகாரைக்கு மேளமடித்த குடும்பம் ஒரே ஒரு பேலை வயல் வைத்திருந்தாலும்கூட, அது அந்த ஏழு பேர்ச்சஸின் பதினொரு மடங்கு.

பழைய பிரபுக்களின் காலம் நல்லது என்று சொல்ல இந்தக் கணக்கைப் போடவில்லை. அந்த முறை ஒழிய வேண்டியதுதான். ஆனால் ஒழிந்தவிதம் இரண்டு வகையாக இருந்தது. கிராமத்தில் ஊழியம் போய்ப் பங்கு மிஞ்சியது. நிந்தகமவில் இருந்த குடி 1968க்குப் பிறகு ஊழியமில்லாமல் தன் காணியில் நின்றார். தோட்டத்தில் பங்கில்லாமலேயே ஊழியம் தொடங்கியது, அப்படியே தொடர்கிறது. வேலையை விட்டால் குடியிருப்பும் கேள்விக்குறி என்ற பயம் இன்றும் லயத்தில் இருக்கிறது.

காணியுரிமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதை ஒரு சலுகையாக, நலத்திட்டமாக, தேர்தல் வாக்குறுதியாகப் பேசுவது நமக்குப் பழகிவிட்டது. இந்த மண்ணின் சொந்தச் சட்ட மரபே வேறொன்றைச் சொல்கிறது. தலைமுறை தலைமுறையாக ஊழியம் செய்த குடும்பத்துக்கு அந்த நிலத்தில் கிளப்ப முடியாத ஒரு பங்கு உண்டு என்பது கண்டி மன்னர்கள் ஏற்றுக்கொண்ட வழக்கம். லேகம் மிட்டியில் எழுதி வைத்த வழக்கம்.

நகரம் இருக்கும் கோறளையின் பெயர் ஐந்து பங்கு. பக்கத்து மலையின் பெயர் பன்னிரண்டு பங்கு. அந்த மலைகளில் கொழுந்து பறிப்பவரின் பெயரில் ஒரு பங்கு எப்போது எழுதப்படும் என்று கேட்பதற்கு, இந்த ஊர்ப் பெயர்களைவிட வேறு ஆதாரம் தேவையில்லை.